வருபவர்கள் அணி

தொலைக்காட்சியில் யாராவது மேசையைத் தட்டி 'வந்தேறிகள்' என்றோ 'மக்கள்தொகை' என்றோ பேச ஆரம்பித்தால் நான் சேனலை மாற்றிவிடுவேன். பயம் ஒன்றுமில்லை. அதே பேச்சை இவர்களைவிடப் பத்து மடங்கு நன்றாகப் பேசிய ஒருவரை நேரில் கேட்டுவிட்டேன். அசலைக் கேட்டவளுக்கு நகல் எதற்கு?

அவர் எங்கள் தொகுதியின் மாஜி எம்.எல்.ஏ. எங்கள் பக்கத்தில் அவரைப் பெயர் சொல்லி யாரும் குறிப்பிட மாட்டார்கள், 'மாஜி' என்றால் போதும். ஒரே ஒரு தடவைதான் ஜெயித்தார். மாஜியாக மட்டும் சாகும்வரை இருந்தார். அந்த வேலையைத்தான் அவர் திருத்தமாகச் செய்தார் என்பது என் அபிப்பிராயம்.

நாங்கள் இலங்கையிலிருந்து வந்தவர்கள். அகதிகள் இல்லை, அவர்கள் பிற்பாடு வந்தார்கள். எங்களுடையது தேயிலைத் தோட்டத்துக் குடும்பம். அப்பாவின் தாத்தா கல்வராயன் மலையடிவாரத்து ஊர் ஒன்றிலிருந்து பஞ்சத்துக்குத் தப்பிக் கடல் தாண்டிப் போனவர். இரண்டு அரசாங்கமும் உட்கார்ந்து பேசி எங்கள் ஜனத்தைப் பங்கு பிரித்தபோது நாங்கள் இந்தியாவின் பங்கில் விழுந்தோம். இந்தியப் பாஸ்போர்ட்டோடு, அரசாங்கமே ஏற்றிவிட்ட கப்பலில் வந்து ராமேஸ்வரத்தில் இறங்கினோம். நான் அப்போது சிறுமி. அங்கே எங்களைக் 'கள்ளத்தோணி' என்று கூப்பிடுவார்கள். நாலு தலைமுறை கொழுந்து பறித்த பிறகும் திருட்டுத்தனமாக வந்தவர்கள் என்றுதான் பேர். கப்பல் கரையை விட்டு நகர்ந்தபோது அப்பா என் தலையில் கை வைத்து, "அந்தச் சொல்லு இனி நம்ம காதுல விழாது பாப்பா" என்றார்.

மண்டபம் முகாமில் எங்கே போகிறாய் என்று கேட்டார்கள். மற்றவர்கள் நீலகிரி, கொடைக்கானல் என்று குளிர்ந்த ஊராகச் சொன்னார்கள். அப்பா தாத்தாவின் ஊரைச் சொன்னார். கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் நாங்கள் ஒரு தகரப் பெட்டியோடு நின்றபோது எதிரில் வெள்ளை வேட்டியில் வந்தவர்தான் மாஜி. அப்போது அவர் மாஜி இல்லை, நடப்பு. அப்பாவின் தோளில் கை போட்டு, கூட நின்றவர்களிடம் சொன்னார்.

"நம்ம ரத்தம்யா இது. போன ஜனம் திரும்பி வந்துகினு கீது. நம்ம வூட்டுக்கு வந்தவங்கள நாமதான் பாத்துக்கணும்."

பார்த்துக்கொண்டார், அதைச் சொல்லாமல் விட்டால் என் வாய் அழுகிவிடும். ஊர்க்கோடியில் குடிசை போட இடம் வாங்கிக் கொடுத்தார். அதைவிடப் பெரியது ஒன்றையும் செய்தார். எங்களைத் தலைக்கட்டு ஆக்கினார்.

எங்கள் ஊரில் கல்யாணமான ஒவ்வோர் ஆணும் ஒரு தலைக்கட்டு. ஆடியில் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்ற, தலைக்கட்டுக்கு ஒரு படி கேழ்வரகு கோயிலில் கொண்டுபோய்க் கொட்ட வேண்டும். வாசலில் பெரிய பாய் விரித்திருக்கும். எல்லார் வீட்டுத் தானியமும் அந்த ஒரே பாயில் விழும். விழுந்த பிறகு எது யார் வீட்டுக் கேழ்வரகு என்று அம்மனுக்கே தெரியாது. யார் படியை வாங்குகிறார்களோ அவர்கள் ஊர்க்காரர்கள். வாங்காவிட்டால் அந்த ஊரில் குடியிருப்பவர்கள், அவ்வளவுதான். நாங்கள் வந்த முதல் ஆடியில் அப்பா படியோடு போய் நின்றதும் பெரிய மனிதர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். மாஜிதான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, அப்பா கையிலிருந்த படியைத் தானே வாங்கிப் பாயில் கவிழ்த்தார். அப்பா அங்கேயே நின்று அழுதார்.

அன்றிலிருந்து அப்பாவுக்கு அவர் சொன்னதே வேதம். பேச்சைக்கூட மாற்றிக்கொண்டார். 'என்ன' என்பதை விட்டு 'இன்னா' என்றார், 'வீடு' போய் 'வூடு' வந்தது. அம்மா மட்டும் மசியவில்லை. தேநீர் அவளுக்குக் கடைசிவரை தேத்தண்ணிதான், முடியாது என்பது 'ஏலாது'தான். "அவுங்க மாதிரிக் கதைச்சா நீங்க அவுங்க ஆயிடுவீங்களோ?" என்று அப்பாவைக் கிண்டல் செய்வாள். அப்பா சிரித்துக்கொண்டே, "நீ இன்னும் கப்பல்லயே குந்திக்கினு கீற" என்பார்.

அடுத்த தேர்தலில் அவர் தோற்று மாஜி ஆனார். கொஞ்ச காலம் ஆளே காணோம். பிறகு எங்கள் சாதிக்குத் தனி இட ஒதுக்கீடு கேட்டுப் போராட்டம் வந்தது, அவருக்கும் உயிர் வந்தது. கோரிக்கையில் நியாயம் இல்லை என்று நான் சொல்லவே மாட்டேன். எங்கள் ஊரிலிருந்து ஒருவர்கூட தாலுகா ஆபீசில் பியூனாகக்கூட உட்கார்ந்ததில்லை. அந்த வயிற்றெரிச்சல் உண்மையானது. மாஜி அதைக் கையில் எடுத்துக்கொண்டு ஊர் ஊராக வந்தார். "நாம ஜாஸ்தி, நம்ம பங்கு கம்மி" என்பது அவர் வாய்ப்பாட்டு. ஜாஸ்தி என்று காட்ட வேண்டுமே, அதற்காக வீட்டு வாசலில் நின்று தலை எண்ணினார். எங்கள் வாசலிலும் நின்றார். மூன்று பேர் என்றதும் அவருக்குப் போதவில்லை.

"சொந்தக்காரங்க எங்க கீறாங்க?"

"தம்பி குடும்பம் கோத்தகிரியில கீதுங்கய்யா."

"அவங்களயும் சேத்துக்க. நம்ம ரத்தம் எங்க இருந்தா இன்னா? சிலோன்ல மிச்சம் கீறவங்களயும் சொல்லு."

அம்மா உள்ளே திரும்பி, "செத்தவங்களையும் சொல்லுங்க, எண்ணிக்குவாரு" என்று முணுமுணுத்தாள். அப்பா அவளை முறைத்தார். எண்ணப்படுவதில் அவருக்கு அவ்வளவு சந்தோஷம்.

சாலை மறியல் நாள் வந்தது. சின்னசேலம் ரோட்டில் ஒரு புளியமரம் குறுக்கே விழ வேண்டும் என்று மாஜி சொல்லிவிட்டார். இளவட்டங்கள் ஆளுக்கொரு பக்கம் நின்று கோடாலியைப் போட்டார்கள். மரம் எந்தப் பக்கம் சாயும் என்று வெட்டுகிறவர்களுக்கே தெரியவில்லை. அப்பா தோட்டத்தில் நிழல்மரம் வெட்டிப் பழகியவர். எல்லாரையும் விலகச் சொல்லி, கிளையில் கயிறு கட்டி, சாய வேண்டிய பக்கம் அடியில் வாய்போலப் பள்ளம் வெட்டி, மரத்தை ரோட்டின் குறுக்கே படுக்க வைத்தார். ஒரு ஆளுக்குக்கூடக் கீறல் இல்லை. மாஜி ஜீப்பிலிருந்து இறங்கி வந்து அவர் முதுகில் தட்டினார்.

"சிலோன்காரன் கைய்யா இது! பாத்துக்கோங்கடா."

அப்பா அன்று சாப்பிடும்போது அதை மூன்று தடவை சொன்னார்.

மறியல் முடிந்த கையோடு போலீஸ் வந்தது. மரம் வெட்டிய வழக்கில் அப்பாவையும் மாஜியின் பங்காளி வீட்டுப் பையன்கள் இரண்டு பேரையும் பிடித்துக் கடலூர் ஜெயிலுக்குக் கொண்டுபோனார்கள். பையன்கள் வாரம் திரும்புவதற்குள் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். அப்பா வரவில்லை. சிலோனில் பிறந்தவர் என்பதால் அவரிடம் வேறு கேள்விகள் கேட்டார்களாம். அந்தச் சமயம் சிலோன் என்றாலே போலீசுக்கு மூக்கு விடைக்கும். எந்த இயக்கம், யார் அனுப்பினார்கள், தோணி எங்கே வந்து இறங்கியது என்றெல்லாம். இவர் எங்கள் ஆள், இத்தனை வருடமாக எங்கள் ஊரில் தலைக்கட்டு என்று மாஜி ஒரு வார்த்தை போய்ச் சொன்னால் கேள்வி நின்றுவிடும் என்றார் வக்கீல். கூடவே ஜாமீனுக்குச் சொந்த நிலம் உள்ளவர் ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும். அதையும் மாஜியே பார்த்துக்கொள்ளலாம்.

அம்மாவும் நானும் கள்ளக்குறிச்சியில் அவர் வீட்டுக்குப் போனோம். அவர் சம்சாரம் மோர் கொடுத்தார். மாஜி எங்கள் முன்னால் உட்கார்ந்து, "நம்ம ஆளு. நான் பாத்துக்கமாட்டனா? நீங்க போங்க" என்றார். திரும்பத் திரும்பப் போனோம். பிறகு மோர் வந்தது, மாஜி வரவில்லை. பிறகு மோரும் வரவில்லை.

ஊரிலும் கையெழுத்துக்கு ஆள் கிடைக்கவில்லை. மாஜி பாத்துக்கறேன்னாரே, நாங்க எதுக்கு நடுவுல என்றார்கள். ஜெயிலில் கம்பிக்கு அந்தப் பக்கம் அப்பாவும் அதையேதான் சொன்னார். "அய்யா பாத்துக்குவாரு. அவர சும்மா போயி தொந்தரவு பண்ணாதீங்க." தாடி நரைத்திருந்தது. மாஜி நலமா என்று விசாரித்தார்.

கார்த்திகையில் ஒரு நாள் அப்படி அப்பாவைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது உளுந்தூர்பேட்டையில் பஸ் மாற இறங்கினோம். லாரிகளின் ஹாரனுக்கு மேலே ஒலிபெருக்கி கேட்டது. வியாபாரிகள் சேர்ந்து பட்டிமன்றம் வைத்திருந்தார்கள். பேனரில் தலைப்பு கொட்டையாக எழுதியிருந்தது. 'நம் மக்கள் தொல்லைக்குக் காரணம் பிறப்பவர்களா? வருபவர்களா?' வருபவர்கள் என்ற அணிக்குத் தலைவர் எங்கள் மாஜி. அம்மா, "நல்லதாப் போச்சு. இறங்கி வரட்டும், கையோட கேட்டுடுவோம்" என்றாள். சாயங்கால வெளிச்சம் இன்னும் இருந்தது. பெண்கள் பக்கமாகப் போய் உட்கார்ந்தோம்.

முதலில் பிறப்பவர்கள் அணிக்கு ஒரு டீச்சர் பேசினார். வீட்டுக்கு ஆறு, ஏழு என்று பெற்றால் பள்ளிக்கூடத்தில் பெஞ்சு எங்கே, ஆஸ்பத்திரியில் கட்டில் எங்கே என்று நியாயமாகக் கேட்டார். யாரும் கை தட்டவில்லை. பிறகு மாஜி எழுந்தார்.

"டீச்சரம்மா சொல்றாங்க, புள்ள ஜாஸ்தியாம். எங்க வூட்ல நாங்க ஒம்பது பேரு. எங்கம்மா இன்னா, மக்கள்தொகையப் பெருக்கவா பெத்தாங்க? மழை பேஞ்சுது, வெளிய போவ முடியல, பெத்தாங்க!"

கூட்டம் உருண்டு சிரித்தது. அம்மாகூடச் சிரித்தாள். பேச்சில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது.

"பொறந்த புள்ளைக்கு வூட்ல இருக்கறதப் பங்கு வெச்சிக் குடுக்கலாம். தப்பில்ல. பந்தி போட்டு இலை விரிச்சப்புறம் ரோட்ல போறவன் வந்து குந்திக்கினா? நாம ஜாஸ்தி, நம்ம பங்கு கம்மின்னு கத்திகினு கீறோம். ஏன் கம்மி? கப்பல்ல வந்தவன் ஒரு வாய், தோணியில வந்தவன் ஒரு வாய்."

நான் அம்மாவைப் பார்த்தேன். சிரிப்பு அவள் முகத்தில் அப்படியே நின்றிருந்தது, எடுத்து வைக்க மறந்ததுபோல.

"மறியல்ல மரத்த வெட்டுனாங்கன்னு நம்ம மேல பழி. மரத்துல மஞ்சத்துணி கட்டிக் கும்புடற ஜனம் நாம. நம்ம புள்ள மரத்த வெட்டுவானா? வெட்டுனவன் எங்கிருந்து வந்தவன்னு போய்ப் பாரு, கடலூர் ஜெயில்ல இன்னும் எவன் உள்ள கீறான்னு பாரு. நம்ம கூட்டத்துல பூந்த கள்ளத்தோணிய்யா!"

கைதட்டல் அடங்க நேரமாயிற்று. நடுவர் மணியடித்துப் பார்த்தார். எனக்கு அந்தச் சத்தத்தில் ராமேஸ்வரத்துக் கப்பலும் அப்பாவின் கையும்தான் நினைவுக்கு வந்தன. இனி காதில் விழாது என்று அப்பா தலையில் கை வைத்துச் சொன்ன அந்தச் சொல்லை இந்த ஆள் இங்கே மேடை போட்டுச் சொல்கிறார். மரம் விழ வேண்டும் என்றவரும் இவர், முதுகில் தட்டியவரும் இவர். தூண்டிவிட்டதாகத் தன் பெயர் வழக்கில் வந்துவிடுமோ என்று பயம். அடுத்த தேர்தலில் சீட்டு வேண்டும். அதற்கு ஒரு தலை வேண்டியிருந்தது. தலை எண்ணிப் பழகியவருக்கு எந்தத் தலையை உருட்டலாம் என்று தெரியாதா? ஆறு கடக்கும்வரை அண்ணன் தம்பி, கடந்த பிறகு நீ யாரோ நான் யாரோ என்பார்கள். எங்களைக் கடல் கடந்த பிறகல்லவா தம்பி என்று கூப்பிட்டு, அப்புறம் தள்ளிவிட்டார்.

நான் எழுந்து மேடைக்குப் போகப் பார்த்தேன். அம்மா என் பின்னலைப் பிடித்து உட்கார வைத்தாள். மாஜி இறங்கி வந்தபோது நாங்கள் பஸ்ஸில் இருந்தோம். வழியில் அவள் சொன்னது ஒன்றுதான்.

"ஒங்கப்பாவுக்குச் சொல்ல வேணாம். உள்ள இருக்குற மனுசனுக்கு அந்த ஒரு நம்பிக்கைதான் சோறு."

கடைசியில் ஜாமீனுக்கு வந்தவர் மலைமேல் இருந்தவர். சமவெளி வெயில் தாங்காமல் அப்பா அடிக்கடி மலைக்குப் போவார். அங்கே கடுக்காய் பொறுக்கிச் சந்தைக்கு இறக்கும் ஒருவரோடு கூட்டாக வேலை செய்வார். மலையில் ஜாகீர்தார்கள் ஆட்சி போய், அரசாங்கம் நிலத்தை அளந்த பிறகு அவருக்கு ஒரு துண்டு நிலத்துக்குப் பட்டா கிடைத்திருந்தது. விஷயம் கேள்விப்பட்டு, அந்தப் பட்டாவை மடித்து இடுப்பில் வைத்துக்கொண்டு அவராகவே கோர்ட்டுக்கு இறங்கி வந்தார். "எங்கள நம்பிக் கையெழுத்துப் போடுறீங்களே, பயமில்லையா?" என்று அம்மா கேட்டாள்.

"இன்னா பயம்? எங்க பாட்டன் பூட்டனுங்களும் காஞ்சியிலேர்ந்து மலையேறுனவங்கன்னுதான் சொல்லுவாங்க. எங்கள இன்னும் யாரும் எறங்கச் சொல்லல" என்று சிரித்தார்.

தை பிறந்ததும் அப்பா வெளியே வந்தார். கள்ளக்குறிச்சியில் பஸ் நின்றதும் அவர் வீட்டுக்கு நடக்கவில்லை, பூக்கடைக்கு நடந்தார். ஒரு மாலையும் இரண்டு எலுமிச்சம்பழமும் வாங்கினார். யாருக்கு என்று கேட்கத் தேவையில்லை. கையெழுத்துப் போட்டவர் மலைக்காரர் என்று சொல்லியிருந்தோம். "அவரையும் அய்யாதான் அனுப்பியிருப்பாரு. மலையில அவருக்கு ஆளு ஜாஸ்தி" என்று அப்பாவே முடிவு கட்டிவிட்டார். நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா சொல்ல வேண்டாம் என்று தலையாட்டினாள். தினமும் ஸ்டேஷனில் கையெழுத்துப் போட வேண்டும் என்ற நிபந்தனையோடு வந்திருக்கிறார். மாஜியிடம் சண்டைக்குப் போனால் மறுபடி உள்ளே தள்ள அவருக்கு ஒரு போன் போதும். அவள் கணக்கு அது. இன்றைக்கும் அது தப்புக் கணக்கு என்று நான் நினைக்கவில்லை.

மாஜி ஈஸிசேரில் இருந்தார். எங்களைப் பார்த்ததும் ஒரு நொடி முகம் செத்தது. அப்பா மாலையைப் போட்டுவிட்டு நெடுஞ்சாண்கிடையாக விழுந்ததும் அது பிழைத்துக்கொண்டது.

"எழுந்திருய்யா. நம்ம ஆள உட்டுடுவனா நானு?"

எலுமிச்சம்பழத்தை வாங்கி மோந்து பார்த்தார். எங்கள் பக்கம் திரும்பவே இல்லை. அவர் பொய் சொன்னதைக்கூட விடுங்கள், அந்தப் பழத்தை வாங்க அவருக்குக் கை வந்ததே, அதைத்தான் என்னால் இன்றுவரை செரித்துக்கொள்ள முடியவில்லை.

ஆடி வந்தது. அப்பா கேழ்வரகைத் தானே புடைத்து, கல் பொறுக்கி, தலை தட்டாமல் கூம்பாக ஒரு படி அளந்து, துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு கோயிலுக்குப் போனார். போன படி அப்படியே திரும்பி வந்தது. கூம்புகூடக் குலையவில்லை. அந்தப் படியை அவர் அவ்வளவு பத்திரமாக ஏந்திக்கொண்டு வந்தார்.

"வேணாம்னுட்டாங்க. மாஜி சொல்லிட்டாராம், வெளியிலேர்ந்து வந்தவங்க தலைக்கட்டுல சேர மாட்டாங்கன்னு. பட்டிமன்றத்துலயே பேசிட்டாரே, ஒனக்குத் தெரியாதான்னு கேக்குறாங்க. ஊரே கேட்டுகினு கீது." படியைக் கீழே வைத்தார். "ஒனக்குத் தெரியுமா?"

"தெரியும்" என்றாள் அம்மா.

"எப்ப?"

"நீங்க உள்ள இருக்கையில. ரெண்டு பேரும் கேட்டுக்கிட்டு இருந்தோம்."

எத்தனையோ வருடத்துக்குப் பிறகு அப்பா வாயிலிருந்து தோட்டத்துப் பேச்சு வந்தது.

"அவரு சொன்னதைக்கூட பொறுத்துக்குவேன். மேடைக்காரங்க அப்பிடித்தான். அவரு கால்ல என்னைய விழ விட்டுட்டுப் பாத்துக்கிட்டு நின்னீங்களே. அதப் பொறுக்க என்னால ஏலாது."

அம்மா படியைக் கையில் எடுத்தாள். அந்தக் கேழ்வரகை அரைத்து எங்கள் சட்டியிலேயே கூழ் காய்ச்சினாள். அப்பா குடிக்கவில்லை. பல நாள் எங்களோடு பேசவும் இல்லை. மாஜியின் மேல் வரவேண்டிய கோபமெல்லாம் எங்கள் மேல் இறங்கியது. எங்களை விட்டால் அதற்குப் போக வேறு இடம் இல்லை.

அடுத்த தேர்தல் நெருங்கியபோது மாஜி மறுபடியும் தலை எண்ண வந்தார். இந்த முறை பங்கு வரப்போகிறது, எண்ணிக்கை காட்ட வேண்டும் என்றார்கள். அப்பா வாசலில் கோடாலிக்குக் காம்பு செதுக்கிக்கொண்டிருந்தார். ஒன்றுமே நடக்காததுபோல மாஜி அதே குரலில் கேட்டார்.

"இன்னாய்யா, உங்க வூட்ல எத்தினி பேரு?"

அப்பா எழுந்திருக்கவில்லை. செதுக்குவதையும் நிறுத்தவில்லை. நானும் அம்மாவும் கதவருகில் நின்றோம். ஆடியிலிருந்து எங்களை நிமிர்ந்து பார்க்காதவர், அன்றைக்குத்தான் முதலில் எங்கள் இரண்டு பேரையும் பார்த்தார். பிறகு மாஜியைப் பார்த்தார்.

"நாங்க வருபவர்கள் அணிங்க. நீங்க பொறந்தவங்க வீட்டுல போயி எண்ணுங்க."

வூடு இல்லை, வீடு என்றுதான் சொன்னார். மாஜி கூட வந்தவர்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே அடுத்த வாசலுக்குப் போனார். எங்களை விட்டுவிட்டு எண்ணினாரா என்று எனக்குத் தெரியாது. சேர்த்துத்தான் எண்ணியிருப்பார்.